புழு மனையில் தொங்கும் சென்சார் எந்த இடத்துச் சூட்டைச் சொல்கிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

போன கோடையில் எங்கள் மனையில் கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவப் புழு இருந்தது. திரையில் 31 டிகிரி. சூடு இறங்கட்டும் என்று பனித்தூவி தானாக ஓடிக்கொண்டே இருந்ததில் தழையெல்லாம் ஈரம். பாதிப் புழு நோயில் போய்விட்டது. அப்புறம்தான் தாங்கியில், புழு படுத்திருந்த உயரத்தில் அளந்து பார்த்தேன். 26 தான்! சென்சாரை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு சாண் கீழே கட்டியிருந்தேன். அது தன்மேல் பட்ட சூட்டைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சாக்கிப் புழுவுக்கு, அதாவது முதல் இரண்டு பருவத்து இளம் புழுவுக்கு, 27, 28 டிகிரி வேண்டும். ஐந்தாம் பருவத்துக்கு 24, 25. இடைவெளியே மூன்று டிகிரிதான். ஆனால் நம்மில் பலர் வாங்கி மாட்டும் நீல நிற டிஎச்டி11 சென்சார், 2 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். எவர்சில்வர் குழாயில் அடைத்து வரும் டிஎஸ்18பி20 சென்சார் அரை டிகிரிக்குள் நிற்கும். திரையில் 25.06 என்று வந்தாலும் அந்த அரை டிகிரிச் சந்தேகம் அப்படியேதான் இருக்கும்.

பிடி100 என்ற, மின்தடையை வைத்துச் சூட்டைச் சொல்லும் பிளாட்டினம் சென்சார் வைத்திருப்பவர்கள் ஒயரைக் கவனியுங்கள். ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை 0.385 ஓம் அளவுதான் மாறும். இரண்டு ஒயரில் தூரம் இழுத்து, ஒயரிலேயே ஒரு ஓம் சேர்ந்தால் இரண்டரை டிகிரி கூடிவிடும். மூன்று ஒயர் போடுங்கள். வைஃபை போர்டும் சென்சாரும் ஒரே டப்பாவுக்குள் வேண்டாம். போர்டின் சூடும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸ் கட்டியை நொறுக்கி ஃபிளாஸ்க் நிறையப் போட்டு, இடுக்குகள் நிறையும்வரை தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். எவர்சில்வர் முனையை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். 0 வர வேண்டும். 0.4 காட்டினால் அந்த 0.4ஐக் கழித்துக்கொள்ளலாம். டிஎச்டி11ஐ நனைக்காதீர்கள், சரிபார்த்த முனைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். கொதிநீரை 100 என்று நம்பிச் சோதிக்கவும் வேண்டாம். ஓசூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அடுத்த சாக்கி இறக்குவதற்கு ஒரு வாரம் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பாலக்கோடு பக்கம் யார் கூப்பிட்டாலும் ஃபிளாஸ்க்கோடு நானே வருகிறேன். காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்