செடிக்குத் தாகம் எடுக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

உன் எச்செவேரியா, அதுதான் அந்தத் தடித்த இலைச் சதைப்பற்றுச் செடி, அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலைகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன, தொட்டால் கொழகொழவென்று வரும். "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே அம்மா" என்று எழுதியிருந்தாய். அதனால்தான் கண்ணு. தண்ணீர் போதாவிட்டால் இலை மெலிந்து சுருக்கம் விழும். இப்படி மஞ்சளடித்துக் குழைந்தால் வேர் அழுகுகிறது. வாடுகிறதே என்று இன்னொரு டம்ளர் ஊற்றிவிடாதே.

இன்றைக்கே செடியை வெளியே எடுத்து மண்ணை உதறிவிட்டு, கறுத்த வேரையெல்லாம் வெட்டு. தண்டிலும் கறுப்பு ஏறியிருந்தால் நல்ல சதை தெரியும் வரை சீவு. அப்புறம் நாலைந்து நாள் நிழலில் சும்மா போட்டு வை. வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் மண்ணில் நட வேண்டும். மண்ணில்லாமல் கிடக்கிறதே என்று நீ தவிப்பாய். நம் வாசலில் ஆச்சி திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டிய கற்றாழையை நினைத்துக்கொள். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாதக்கணக்கில் பச்சையாகவே தொங்கியதே!

பீங்கான் கிண்ணம் அழகுதான், ஆனால் அடியில் ஓட்டை இல்லை. ஓட்டை உள்ள மண்தொட்டி வாங்கு. தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் குறைத்துவிடு. பாதிக்குப் பாதி பெருமணலும் உடைத்த செங்கல் துண்டும் இருக்கட்டும். ஒரு குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பார். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் மட்டும், அடி ஓட்டை வழியே வழிகிற அளவுக்கு ஊற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது குச்சி சொல்லும் வரை குவளையைத் தொடாதே.

இந்தச் சதைப்பற்றுச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாகச் சேர்த்து வைக்கும். பகலில் அதை எடுத்து உணவாக்கும். அதனால்தான் தண்ணீர் அதிகம் செலவாவதில்லை. இதைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று நம் பக்கத்திலிருந்தே போனது. சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், இதே வகைச் செடியான ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லை என்று எழுதினார். அது 1815இல் லண்டனில் அச்சானது. உன் செடி ராத்திரி முழுக்க விழித்திருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நீ ரணகள்ளியைக் கடித்துப் பார்க்க வேண்டாம், அதை நிறையத் தின்றால் ஆகாது.

உன் எச்செவேரியா பிழைக்காமல் போனாலும் உன்னையே நொந்துகொள்ளாதே. அது மெக்சிகோவின் மலைப்பக்கத்துச் செடி. ராத்திரியில் குளிர வேண்டும். ஒன்பதாவது மாடியானாலும் சென்னை ராத்திரி புழுங்கத்தானே செய்கிறது. அடுத்து வாங்கினால் ஹவோர்தியா என்கிற, குட்டிக் கற்றாழை மாதிரி இருக்கும் செடியை வாங்கு, கிழக்கு ஜன்னல் வெளிச்சமே அதற்குப் போதும். தண்டு நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று வைத்துக்கொள். இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடு.

பருப்புப்பொடிப் பார்சலில் ரணகள்ளி இலை இரண்டு வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் காகிதத்துக்குள்ளேயே ஓரமெல்லாம் குட்டி விட்டாலும் விடும். புதைக்காதே, மண்மேல் கிடத்தினால் போதும். வேர் இறங்கியதும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா