ஐந்து நிமிடமாவது எங்கள் பிள்ளைகளைத் தனியாகப் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

விடுதித் தொலைபேசி விதி நீங்கள் போட்டதுதான். ஞாயிறுதோறும் ஆளுக்கு 5 நிமிடம். ஒலிபெருக்கியில் போட்டுப் பேச வேண்டும். விடுதிக் காப்பாளர் பக்கத்திலேயே நிற்பார். இதை மாற்றச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். "ஒழுங்கு கருதி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

விடுமுறைக்கு வந்த என் மகன் வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றவே இல்லை. மூன்றாம் நாள் நானே கழற்றினேன். கால்விரல்கள் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. இடது சுண்டுவிரலில் தோல் வெடித்து, காலுறை நூல் புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத்தான் பிரித்தெடுத்தேன். குளிரும் ஈரமும் விடாமல் பட்டால் இப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். விடியற்காலை பனி படிந்த புல்லில் ஓட்டம், பிறகு அதே நனைந்த காலுறையோடு 2 மணி நேரப் படிப்பு என்று அப்போதுதான் வாய் திறந்தான். 1,000 மீட்டர் மேலே போனால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்று பாடம் நடத்துகிறவர்கள் நீங்கள். 2,000 மீட்டருக்கு மேலே பள்ளி நடத்துகிறீர்கள். காலுறையை மாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம் தரக் கூடாதா?

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். ஆறு முறையும் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்றான். ஏனடா சொல்லவில்லை என்றதற்கு, "சார் பக்கத்தில் நின்றாரே" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

குழந்தைகளைத் தனியாகப் பேச விடுங்கள். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் தனிமையிலும் கடிதப் போக்குவரத்திலும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரையை மனம் திறந்து எழுதச் சொல்லித் தனி வகுப்பே நடத்துகிறீர்கள். பெற்ற தாயிடம் கால் வலிக்கிறது என்று சொல்லப் பயப்படும் பிள்ளை எங்கே போய் மனம் திறப்பான்? கட்டணம் ஒரு நாள் பிந்தினால் நினைவூட்டல் வருகிறது. பிள்ளையின் கால் புண்ணானதற்கு ஒரு வரி வரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பாடம் நன்றாகவே நடக்கிறது. பணிவாகக் கேட்பது இதைத்தான்: ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள், காப்பாளர் கதவுக்கு வெளியே நிற்கட்டும், பிள்ளைகளைத் தனியாகப் பேச விடுங்கள்.

வரும் திங்கட்கிழமை அவன் மலைமேல் இருக்கும் உங்கள் பள்ளிக்குத் திரும்புகிறான். அடுத்த ஞாயிறு நான் கூப்பிடும்போது அந்த அறையில் அவன் மட்டும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் விடுதி மாணவன் ஒருவனின் தாய்