தரை வாட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் எளிமையாக வாழ்வது பற்றிய உங்கள் கட்டுரையில் குளியலறை விடுபட்டுவிட்டது. இங்கே நானும் கணவரும் கட்டிக்கொண்ட சின்ன வீட்டில் அது ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர்தான். குளியல் தொட்டி வேண்டாம், கண்ணாடித் தடுப்பும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்ததில் நிற்கத் தாராளமாக இடம் கிடைத்தது.

தரைதான் எல்லாம். வடிகாலை நோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பெரிய டைல்ஸை நாலு பக்கமும் சரித்து ஒட்டுவது கஷ்டம். சின்ன டைல்ஸ் வாட்டத்துக்கு இணங்கிப் போகும், இடுக்குகள் அதிகம் என்பதால் காலும் அவ்வளவாக வழுக்காது. ஆனால் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லை, அடியில் அடிக்கும் வாட்டர்புரூஃப் பூச்சு. அதைச் சுவரிலும் ஏற்றி அடிக்கச் சொல்ல வேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட விடுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் காற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. வெளிக்காற்று உள்ளே வரக் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், ஈரம் போகாது.

அடுத்த கட்டுரையில் இதற்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெளிநாடு வாழ் வாசகி