வாடகைக்கு விட்ட வீட்டை மீட்க அம்மாவுக்கும் இலவச வக்கீல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு உரிமையாளர் என்றாலே நாலு வீடு கட்டி வாடகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அம்மாவுக்கு இருப்பது ஒரே வீடு. கீழே அவர் இருக்கிறார், மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார், அப்பா போன பிறகு மருந்துச் செலவிலிருந்து வீட்டு வரி வரை எல்லாம் அந்த வாடகையில்தான் ஓடுகிறது. 2016-ல் குடி வந்தவர் பல வருடம் ஒழுங்காகக் கொடுத்தார். போன வருடம் நிறுத்திவிட்டார். அட்வான்ஸ் முழுவதும் கழிந்தும் போய்விட்டது. காலி செய்யுங்கள் என்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

போலீஸ் நிலையத்துக்குப் போனோம். இது சிவில் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். அது சரிதான், ஆனால் பிறகு எங்கே போவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொந்தத்தில் ஒருவர் தண்ணீரை நிறுத்து, கரண்டைப் பிடுங்கு, அவர்கள் ஊருக்குப் போகும்போது வேறு பூட்டைப் போடு என்றார். அம்மா கிட்டத்தட்ட சம்மதித்தும் விட்டார். நல்லவேளை செய்யவில்லை. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்று வாடகைச் சட்டமே சொல்கிறது. சட்ட வழியில் போகாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் அவரை மறுபடி உள்ளே விட வேண்டியிருக்கும், வெளியேற்றியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவு அது. கோபத்தில் பூட்டை உடைத்துவிட்டு, நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பணம் வாங்கிக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினார், அதுவும் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு. அந்தச் சட்டம் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், காலி செய்யச் சொல்லும் மனு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இது தெரியாமலே எங்களுக்கு மூன்று மாதம் வீணானது.

எங்களிடம் இருந்தது 2016-ல் போட்ட பதினொரு மாத ஒப்பந்தம். அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒப்பந்தமே இல்லையே, இனி என்ன செய்ய முடியும் என்று அம்மா இடிந்து போய்விட்டார். உண்மையில், பழைய வாடகைதாரரோடு புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் போவதே காலி செய்யச் சொல்வதற்கு 21-ஆம் பிரிவில் ஒரு காரணமாக இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருப்பது, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீடு நமக்கே தேவைப்படுவது எல்லாமும் அதே பிரிவில் வருகின்றன. குடியிருப்பு உரிமை முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் இரண்டு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கவும் வழி உண்டு. இதை எங்களுக்குச் சொன்னது முதல் வக்கீல் இல்லை.

இதற்குத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். நீதிமன்ற வளாகத்தில் மரத்தடியில் காத்திருந்தபோது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒரு பலகையைப் பார்த்தேன். இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் இடம் அது. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்கித்தான் உள்ளே போனேன். அங்கே இருந்த பெண் ஊழியர் கேட்ட முதல் கேள்வி, வழக்கு யார் பெயரில், அம்மா பெயரிலா என்பதுதான். பெண் என்றால் வருமானமே பார்க்க வேண்டாம் என்றார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆம் பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மறுக்க மாட்டார்கள், வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வக்கீலை அவர்களே நியமிக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் ஓர் இளம் வக்கீல், வரிச் சீட்டு, பத்திர நகல், வங்கிக் கணக்கில் வாடகை வந்து நின்றுபோன பக்கங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பாக்கியைக் கணக்கிட்டு, சரியான சட்டத்தில் புதிதாக நோட்டீஸ் அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்து மனுவும் போட்டுவிட்டார். சம்மன் போயிருக்கிறது. வீடு இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் அம்மா இப்போது ராத்திரி தூங்குகிறார்.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு எதிராக நான் எழுதவில்லை. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அநியாயமாகக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளர்களும் உண்டு, அவர்களிடம் சிக்கிக்கொண்ட பெண்களுக்கும் இதே ஆணைக்குழுதான் வக்கீல் தரும்.

மரத்தடியில் உட்கார இடம் கிடைக்காமல் அன்று வேறு பக்கம் போயிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. அதனால் கேட்கிறேன். வீட்டு வரி கட்டும் கவுன்டரிலும், போலீஸ் நிலையத்திலும், வாடகை ஒப்பந்தம் பதியும் இணையதளத்திலும் இலவச சட்ட உதவி யாருக்கு உண்டு, எங்கே கேட்பது என்று பெரிய எழுத்தில் நாலு வரி போடட்டும். 15100 என்ற தேசிய சட்ட உதவி எண்ணையும் கூடவே போடட்டும். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பும் காவலர் அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி