வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு சிறுவர் பக்கத்தில் பூவிதழைப் பாவாடையாகக் கட்டிய குட்டித் தேவதையின் படம் போட்டிருந்தீர்கள். கீழே ‘நன்றி: இணையம்’. வரைந்தவருக்குப் பெயர் இருக்கிறது: சிசிலி மேரி பார்க்கர். லண்டனை அடுத்த குரோய்டன்காரர். வலிப்பு நோயால் சிறுவயதில் வீட்டிலேயே படித்தவர். மலர் தேவதைகள் வரிசையில் 1923இல் வந்த முதல் புத்தகத்தின் 24 படங்களுக்கும் பாடல்களுக்கும் சேர்த்து 25 பவுண்டுதான் கொடுத்தார்கள்.

நான் முப்பது வருடம் ஓவிய வகுப்பு எடுத்தவன். இவர் படத்தைக் காட்டும்போதெல்லாம், “முகத்தை அப்புறம் பாருங்கடா, முதலில் காம்பைப் பாருங்கள்” என்பேன். பூவும் இலையும் தாவரவியல் புத்தகம்போல அத்தனை துல்லியம். தேவதைகளோ, அவருடைய அக்கா நடத்திய மழலையர் பள்ளிப் பிள்ளைகள். குச்சியிலும் மெல்லிய துணியிலும் இறக்கை செய்து, அதைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

உங்கள் அச்சில் மஞ்சள் தூக்கலாகி இறக்கையின் நரம்பெல்லாம் காணாமல் போய்விட்டது. சரி, செய்தித்தாள் காகிதத்தில் நீர்வண்ணம் அவ்வளவுதான். பெயரைப் போட என்ன செலவு?

பேத்தி படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். ‘நன்றி: இணையம்’ மேல் ஒரு கோடு போட்டு, பென்சிலால் நான் பெயர் எழுதிவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்