விடிஐ கொட்டேஷன் பார்த்தேன்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாபுவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள், உடனே போன் பண்ணிவிடு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. விடிஐ, அதாவது எல்லோருடைய விண்டோஸையும் சர்வரில் ஓட்டி மேஜையில் திரையை மட்டும் காட்டும் முறை, வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் முடிந்தது, உன் ஆறாம் தலைமுறை இன்டெல் மெஷின்கள் 11க்குத் தேறாது. அவற்றையே தின் கிளையண்டாக, சர்வரில் ஓடுவதைக் காட்டும் வெறும் பெட்டியாக, வைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பை சர்வரில் ஓட்டுவது நல்ல யோசனைதான். எல்லா டெஸ்க்டாப்புக்கும் மூலப்பிரதியான கோல்டன் இமேஜ் ஒன்றைப் பேட்ச் பண்ணினால் போதும், சீட் சீட்டாக அலைய வேண்டாம்.

ஆனால் அதில் ஸ்டோரேஜ் எத்தனை டிபி என்று இருக்கிறதே தவிர, எத்தனை ஐஓபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை டிஸ்கில் படிக்க, எழுத முடியும் என்று ஒரு வரி இல்லையேடா! மதியம் மூன்று மணிக்கு எந்த சர்வரும் ஜம்மென்று ஓடும். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக வந்து உட்காருவார்களே, அப்போது அத்தனை விண்டோஸும் பூட் ஆகி, ப்ரொஃபைலை ஏற்றி, ஆன்டிவைரஸ் அப்டேட்டையும் இழுக்கும், எல்லாம் அதே டிஸ்குகளின் தலையில் விழும். சாதாரண சுழலும் டிஸ்க் ஒன்று விநாடிக்கு நூறு, நூற்றைம்பது ஐஓவுக்கு மேல் தாங்காது. முழுக்க எஸ்எஸ்டி கேள். விலை ஏறும், ஏறட்டும்.

அப்புறம் அக்கவுண்ட்ஸ் மேடம். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு அவர் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கும் யுஎஸ்பி டோக்கனைச் செருகுவது மேஜை மேலிருக்கும் பெட்டியில், பிரவுசர் ஓடுவதோ சர்வர் ரூமில். பெட்டியில் செருகியதை சர்வருக்குக் கொண்டுபோகும் யுஎஸ்பி ரீடைரக்‌ஷன் சரியாக அமையாவிட்டால் டோக்கன் அங்கே தெரியவே தெரியாது. கடைசி நாளான 20ஆம் தேதி சாயங்காலம் மாதாந்திர ரிட்டர்னான 3பி போட முடியாமல் அவர் உன் முன்னால் வந்து நிற்பார். ‘பார்த்துக்கலாம்’ என்று அவரிடம் சொல்லிப் பார், தெரியும். சோதனை ஓட்டமான பைலட்டை ஐடி பையன்களை வைத்து நடத்தாதே, அவர்கள் குறையே சொல்ல மாட்டார்கள். அக்கவுண்ட்ஸிலிருந்து தொடங்கு, பிரிண்டரோடு, டோக்கனோடு, மாதக் கடைசி வேலையோடு.

இன்னொன்று. விடிஐ சாஃப்ட்வேர் ‘விஎம்வேர் ஹொரைசன்’ என்று கொட்டேஷனில் போட்டிருக்கிறார்கள். விஎம்வேரை பிராட்காம் 2023இல் வாங்கி, இந்த டெஸ்க்டாப் பிரிவை மட்டும் 2024இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது, இப்போது அந்தப் பிரிவின் பெயர் ஆம்னிசா. பழைய பெயரிலேயே கொட்டேஷன் தருகிறவர் லைசென்ஸை யாரிடமிருந்து வாங்கித் தருவார், சப்போர்ட் யார் தருவார் என்று எழுத்தில் வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். வெண்டரையும் லைனில் சேர், ஐஓபிஎஸ் கணக்கை நானே கேட்கிறேன்.

அன்புடன்,
ரவி