கேமிங் லேப்டாப் வேண்டாம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. யாழினி டிசைன் படிக்கப் போகிறாள் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் எழுத்துகளை வளைத்து வளைத்து வரைந்த பிள்ளை, வேறு எங்கே போவாள்? அவளுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் புதுச் சேதி.

கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்களாமே. விற்கிறவர் சொன்னாரா? அந்த விலையில் பெரும் பங்கு, திரைக்குப் படம் தீட்டித் தருகிற தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். போஸ்டர், லோகோ, புத்தக அட்டை போன்ற வேலைகளுக்கு ப்ராசசரும், திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் நினைவகமான ரேமும்தான் அதிகம் உழைக்கின்றன. ப்ராசசரோடு சேர்ந்தே வருகிற கிராஃபிக்ஸ் போதும். வீடியோ, முப்பரிமாணம் என்று அவள் போகும்போது கார்டைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

காசு குறைவென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது திரையில்தான். எனக்கு அதுதான் பொறுக்காது. மலிவு லேப்டாப்களின் விவரத்தாளில், திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்ற இடத்தில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பொது அளவாக வைத்திருக்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் வராது என்று அர்த்தம். சிவப்பு வெளிறித் தெரியும், இவள் இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள், நல்ல திரையில் திறந்தால் அது கண்ணைக் குத்தும். டிஎன் என்கிற மலிவு வகைத் திரைப் பேனல் என்றால் இன்னொரு கூத்து: தலையைச் சற்று அசைத்தாலே பின்னணி நிறம் மாறும். ஆகவே பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலாகவும், எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத்தை ஒட்டியும் இருக்கட்டும். தனி மானிட்டர் வாங்கினால், 24 அங்குலத்தில் 1920×1080 பிக்சல் (திரைப் புள்ளி) தாராளம். 27 அங்குலத்துக்கு அது போதாது, எழுத்தின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியும், 2560×1440 தேவைப்படும். கம்ப்யூட்டரை மாற்றினாலும் தனி மானிட்டர் கூடவே வரும். அச்சுக்குப் போகும் வேலைக்கு எந்தத் திரையையும் முழுதாக நம்பக் கூடாது, ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்த்தே ஆகவேண்டும்; அது வேறு கதை.

அடுத்தது ரேம். ஏ3 அளவுப் போஸ்டரை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 3508×4961, அதாவது சுமார் 1.74 கோடி பிக்சல். ஆர்ஜிபியில், சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக, பிக்சலுக்கு 3 பைட். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களைத்தான் லேயர் என்கிறார்கள்; முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே 52 எம்பி ஆகிவிடுகிறது. அப்படி 20 லேயர் வைத்தால் 1 ஜிபியைத் தாண்டும். அன்டூ செய்வதற்காகச் சேர்த்து வைக்கும் பழைய நிலைகள், பக்கத்தில் திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். 8 ஜிபி சீக்கிரமே திணறும், 16 வாங்கு. ரேம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் இடம் தேடும். அங்கே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைவிட வேகமான எஸ்எஸ்டி கட்டாயம். 512 ஜிபி போதும், முடித்த வேலைகளை வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்கலாம்.

லேப்டாப்தான் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்: ரேம் பலகையோடு பற்றவைத்ததா, மாற்றக்கூடியதா? மெல்லிய மாடல்கள் பலவற்றில் பிறகு கூட்ட வழியே இல்லை. ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளிலும் அப்படித்தான், வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை.

தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்றால் நான் டெஸ்க்டாப் பக்கம்தான். அலுவலகங்கள் கழித்துவிடுகிற செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்றை எடுத்து, ரேமைக் கூட்டி, மிச்சத்தை மானிட்டரில் போடு. இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எட்டாம் தலைமுறையைவிடப் பழைய இன்டெல் ப்ராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை.

மென்பொருள் செலவையும் கணக்கில் வை. ஃபோட்டோஷாப் போன்றவற்றுக்குக் கட்டும் அடோபி சந்தா நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வகுப்பில் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் வேறு வழியில்லை. இல்லையென்றால் இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஜிம்ப் என்ற வரைகலை மென்பொருள்கள் மூன்றும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் லோகோ வேலை தாராளமாகச் செய்யலாம். எதைக் கேட்கிறார்கள் என்று யாழினியிடம் விசாரித்து எழுது. பார்த்து வைத்திருக்கும் மாடல்களின் முழுப் பெயரையும் அனுப்பு, திரை விவரத்தை நான் தேடிப் பார்க்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
இளங்கோ